மோட்டார் ஏறாத மலை

"இரண்டு நாள் விடுமுறை வருகிறது, எங்கே போகலாம்?" என்று நமது சங்கத்து நண்பர்கள் என்னைக் கேட்கும்போதெல்லாம் நான் "மாத்தேரான்" என்று சொல்வது வழக்கம். போய் வந்தவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "அடடா, என்ன அமைதி! ஒரு ஹாரன் சத்தம் உண்டா? ஒரு புகை உண்டா?" என்பார் ஒருவர். "கால் ஒடிந்து போயிற்று, ஐயா! இனி அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்க மாட்டேன்" என்பார் மற்றொருவர். இருவர் சொல்வதும் உண்மையே. இரண்டு உண்மைகளும் ஒரே சட்டத்தின் வயிற்றில் பிறந்தவை. அந்தச் சட்டம் என்ன, அதை வைத்துக்கொண்டு ஒரு சின்ன நகரசபை எப்படி விருந்தாளிகளையும் திருவிழாக்களையும் சமாளிக்கிறது, அதன் பாரம் கடைசியில் யார் தோளில் போய் விழுகிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஊரும் வாசலும்

மராட்டியில் "மாத்தா" என்றால் நெற்றி. "ரான்" என்றால் காடு. மலையின் நெற்றியில் அமைந்த காடு அது. புணேயிலிருந்து ரயிலேறி, கர்ஜத்தில் வண்டி மாறி, நேரல் என்னும் சிறு நிலையத்தில் இறங்கினால் மலை எதிரே நிற்கும். உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர். 1850-இல் தாணா மாவட்டக் கலெக்டராக இருந்த ஹியூ மாலெட் என்ற ஆங்கிலேயர் இதை வெளியுலகத்துக்குத் தெரிவித்தார். காட்டு மக்களுக்கு அதற்கு முன்பே தெரிந்த மலைதான்; ஆனால் சரித்திரப் புத்தகங்கள் கலெக்டருக்குத் தெரிந்த நாளிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகின்றன. பிறகு சர் ஆதம்ஜி பீர்பாய் என்ற பம்பாய்ச் செல்வர் சொந்தப் பணத்தைப் போட்டு, இரண்டடி அகலப் பாதையில் ஒரு குட்டி ரயிலை மலைமேல் ஏற்றினார். 1907 முதல் அது ஓடுகிறது. மழையில் பாதை அரிக்கப்பட்டு நிற்கும். செப்பனிட்டதும் மறுபடி ஓடும்.

ஊரின் பரப்பு ஏறக்குறைய 7 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி வசிப்பவர் 4,393 பேர். நம் பல்கலைக்கழக விடுதிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு மாத்தேரான் ஆகிவிடும்! ஆனால் இந்தச் சிற்றூருக்குத் தனி நகரசபை உண்டு. "கிரிஸ்தான் நகர பரிஷத்" என்று பெயர். மலைவாசத்தல நகரசபை என்று நாம் சொல்லலாம்.

ஊரின் தனிச்சிறப்பு, மோட்டார் வண்டி உள்ளே வரக்கூடாது என்பதாகும். நெடுங்காலமாக இருந்துவந்த இந்த வழக்கத்தை மத்திய அரசு 2003 பிப்ரவரியில் வெளியிட்ட அறிவிக்கை சட்டமாகவே உறுதிசெய்தது. மாத்தேரானையும் சுற்றியுள்ள மலைச்சரிவுகளையும் சேர்த்துச் சுமார் 215 சதுர கிலோமீட்டரை "சூழல் உணர்திறன் மண்டலம்" என்று அது வகுத்தது. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் மாத்திரம் விதிவிலக்கு. கார்கள் எல்லாம் தஸ்தூரி நாக்கா என்னும் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். அங்கிருந்து கடைவீதிக்குச் சுமார் இரண்டரை கிலோமீட்டர். நடக்கலாம்; குதிரை ஏறலாம்; குட்டி ரயிலில் இடம் கிடைத்தால் உட்காரலாம்; இல்லாவிட்டால் ரிக்ஷாவில் போகலாம்.

மண்ணியல் மாணவன் என்ற முறையில் இந்தச் சட்டத்தின் நியாயத்தை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்த மலையின் உடல் பசால்ட் என்னும் எரிமலைப் பாறை; சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் குழம்பாக வழிந்து இறுகியது. அதன் தலைமேல் தொப்பி வைத்ததுபோல் செம்புரைக்கல் படிந்திருக்கிறது. மழைநீர் கல்லிலுள்ள மணற்சத்தைக் காலகாலமாகக் கரைத்துக்கொண்டு போக, இரும்பும் அலுமினியமும் மிஞ்சி நின்ற சிவந்த, நுண்துளை நிறைந்த கல் அது. மரவேர்கள் பிடித்துக்கொண்டிருக்கும் வரையில் அது மலைக்குக் கவசம். வேர் போனால், ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் மழையில் அது குங்குமக் குழம்பாய்க் கரைந்து அடிவாரத்துக்கு இறங்கிவிடும். கார் வந்தால் தார்ச்சாலை வரும். தார்ச்சாலை வந்தால் மரம் விழும். மரம் விழுந்தால் மண் போகும். ஆகையால் தடை என்பது வெறும் அழகுக்காக ஏற்பட்டதன்று.

வரவும் செலவும்

இனி நகரசபைக்கு வருவோம். வாசலில் நம்மை முதலில் வரவேற்பது ஒரு சீட்டு. நாங்கள் 2024 டிசம்பரில் சென்றபோது பெரியவருக்கு 50 ரூபாய், சிறுவருக்கு 25 ரூபாய் நுழைவு வரி. "இயற்கையைப் பார்க்கவும் காசா?" என்று பின்னால் நின்றவர் முணுமுணுத்தார். அவருக்கு அங்கே பதில் சொல்ல எனக்கு நேரமில்லை, இங்கே சொல்கிறேன்.

ஒரு நகரசபை எதனால் வாழ்கிறது? வீட்டுவரியினால், தண்ணீர் வரியினால், கடை வாடகையினால், அரசாங்க மானியத்தினால். நாலாயிரம் பேர் வாழும் ஊரில் வீட்டுவரி எவ்வளவு வந்துவிடும்? ஆனால் சனி, ஞாயிறுகளில் அந்த ஊர் சுமப்பது தன் மக்களை மட்டுமா? வருகிறவர்கள் குடிக்கும் தண்ணீர், போடும் குப்பை, ஏற்றும் விளக்கு, வழுக்கி விழுந்தால் தூக்கிச் செல்ல வேண்டிய ஆஸ்பத்திரி ஆகிய அனைத்தையும் அந்த நாலாயிரம் பேரின் வரியிலிருந்தா கொடுக்க முடியும்? விருந்தாளியிடம் சிறு தொகை வாங்குவதன் தர்மம் இதுதான்.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு மழை பெய்யும் மலையில் கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு! காரணம் நான் மேலே சொன்ன நுண்துளைகள். பெய்த மழையில் பெரும்பகுதி ஒழுகிச் சரிவில் வழிந்துவிடும். சார்லோட் ஏரி ஒன்றுதான் ஊரின் பழைய நீர்நிலை. அது போதாமல், கீழே ஓடும் உல்லாஸ் ஆற்றிலிருந்து தண்ணீரைக் குழாய்வழி மேலே ஏற்றுகிறார்கள். விடுதியில் நாம் திறந்து வைத்துவிட்டு மறந்துபோகும் குழாயில் ஒழுகுவது மின்சாரமும்தான்.

அடுத்தது குப்பை. லாரி வராத ஊரில் குப்பையை எப்படிக் கீழே இறக்குவது? ஈரக் குப்பையை அங்கேயே எருவாகவும் எரிவாயுவாகவும் மாற்றுவதற்காக, டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய "நிசர்குருணா" முறையில் ஓர் ஆலை அங்கே அமைக்கப்பட்டது. அணுவை ஆராய்கிறவர்கள் வாழைப்பழத் தோலையும் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது விஞ்ஞான மாணவர்களாகிய நமக்குப் பெருமைதானே! பிளாஸ்டிக் பைக்கு 2003 அறிவிக்கையிலேயே தடை உண்டு. அதை ஏட்டிலிருந்து இறக்கி நடைமுறைக்குக் கொண்டுவருவது நகரசபையின் வேலை மட்டுமன்று, நம் கைப்பையின் வேலையும்கூட.

திருவிழா யாருக்கு?

மராட்டிய மாநிலத்தின் 1965-ஆம் ஆண்டு நகரசபைச் சட்டம், சபையின் கடமைகளைக் கட்டாயக் கடமை, விருப்பக் கடமை என்று இரண்டாகப் பிரிக்கிறது. தெருவிளக்கு, துப்புரவு, தீயணைப்பு போன்றவை முதல் வகை. பூங்கா அமைப்பது, சந்தையும் கண்காட்சியும் நடத்துவது போன்றவை இரண்டாம் வகை. சாதாரண ஊரில் இரண்டாம் வகை, சாப்பாட்டுக்குப் பின் வரும் வெற்றிலை பாக்கு மாதிரி. இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் சரி. மாத்தேரான் போன்ற ஊரிலோ வெற்றிலை பாக்கை நம்பித்தான் சாப்பாடே நடக்கிறது. வேடிக்கை இல்லையேல் விருந்தாளி இல்லை. விருந்தாளி இல்லையேல் அடுப்பு எரியாது.

அங்கே ஒலிம்பியா மைதானம் என்று ஒன்று இருக்கிறது. காட்டுக்கு நடுவில் பிறந்த அந்த வெளியில் குதிரைப் பந்தயம் நடக்கும். அன்றாடம் பயணிகளைச் சுமக்கும் குதிரை அன்றைக்கு ஒருநாள் தன் சொந்தக்காரனுக்காக ஓடும். சார்லோட் ஏரிக் கரையில் பிசர்நாத் கோயில். சிவராத்திரிக்கு ஊரே அங்கே கூடும்.

இந்தக் கொண்டாட்டங்களுக்கு அனுமதி கொடுப்பதில்தான் நிர்வாகத்தின் நெளிவு சுளிவெல்லாம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைகளுக்காக நள்ளிரவு வரை தளர்த்தலாம். அதுவும் ஆண்டில் 15 நாட்களுக்கு மேல் கூடாது. இந்தப் பதினைந்து நாட்களை ஊர்க்காரனின் பிள்ளையாருக்குக் கொடுப்பதா, விருந்தாளியின் புத்தாண்டுக் கூத்துக்குக் கொடுப்பதா? சட்டம் இதற்கு விடை சொல்லாது; மனிதர்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டும். நம் சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு மண்டபம் கேட்டு அலைந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும்.

ஊர் என்பது பார்க்க வருகிறவர்களுக்காக மட்டும் ஏற்பட்ட காட்சிப் பொருள் அன்று என்பதற்கு மாத்தேரானே ஒரு சாட்சி. 1912-இல் அங்கே நாவிதர் குடும்பத்தில் பிறந்து, படித்து வக்கீலாகி, 1941-இல் அதே நகரசபையின் உபதலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பாய் கோத்வால். "வெள்ளையனே வெளியேறு" போராட்டத்தில் தலைமறைவுப் படை ஒன்றைத் திரட்டி, 1943 ஜனவரி 2-இல் சித்தகட் காட்டில் போலீசார் சுட்டதில் உயிர் நீத்தார். துரைமார் இளைப்பாற வந்த மலையில், அவர்களுக்குச் சவரம் செய்த குலத்திலிருந்து ஒருவர் எழுந்து ஊரின் நிர்வாகத்தில் அமர்ந்தார் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கடைவீதியில் நடந்து பாருங்கள். வீதியே வேறுவிதமாகத் தெரியும்.

அம்மா இறங்கிய இடம்

இனி என் சொந்தக் கதை. அந்த டிசம்பரில் அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா என்னைப் பார்க்க வந்திருந்தாள். "பிள்ளை படிக்கிற ஊர்ப்பக்கம் ஒரு மலையாவது பார்க்கணும்" என்றாள். தாமிரபரணிக் கரையில் பொதிகையைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு மலைமேல் என்ன ஆசை என்று நான் கேட்கவில்லை. அழைத்துக்கொண்டு போனேன்.

வாசலில் குட்டி ரயில் டிக்கெட் தீர்ந்துவிட்டது. மின்சார ரிக்ஷாவுக்கு நீண்ட வரிசை. குதிரையைப் பார்த்ததுமே அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். அவளுக்கு முழங்கால் வலி. இரண்டரை கிலோமீட்டர் ஏற்றம் நடக்க முடியாது. மிஞ்சியது கைரிக்ஷா. முன்னால் ஒருவர் இழுக்க, பின்னால் இருவர் தள்ள, அம்மா நடுவில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நடந்தேன்.

இருநூறு அடி போயிருப்போம். செம்மண் புழுதியில் முன்னவருடைய கால் சறுக்கியது. சமாளித்துக்கொண்டு மறுபடி இழுத்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்ததை அம்மா பார்த்துவிட்டாள்.

"எய்யா, நிறுத்தச் சொல்லு. மனுசன் இழுக்க மனுசி ஒக்காந்து போறதா? பாவம் வந்து சேரும்."

நான் எனக்குத் தெரிந்த மராட்டியில் சொன்னேன். வண்டி நின்றது. அம்மா இறங்கினாள். இழுத்தவரின் முகத்தில் நன்றியை எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றம். அவர் முகத்தில் தெரிந்தது கவலை. "அம்மா இறங்கிவிட்டால் கூலி?" என்று கேட்டார். முழுக் கூலியும் உண்டு என்றேன். பிறகு அவரே எங்கள் பையை வாங்கி வண்டியில் வைத்தார். இப்படியாக, பையை ஏற்றிக்கொண்டு ரிக்ஷா முன்னே போக, நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்து அம்மா பின்னே நடந்தாள்.

வழியில் அவர் சொன்னது இதுதான்: "எங்களுக்கு மட்டும் இழுக்க ஆசையா, தம்பி? இழுக்காவிட்டால் சாப்பாடு இல்லை. நீங்கள் பாவம் என்று இறங்கினால் எங்களுக்கு அந்த நாள் போயிற்று. அந்த மூன்று சக்கர வண்டி ஒன்று என் பேரில் கிடைத்தால், உங்கள் அம்மாவும் உட்கார்ந்து வருவாள், நானும் உட்கார்ந்து போவேன்."

அம்மா கைரிக்ஷாவை அதற்கு முன் சினிமாவில்தான் பார்த்திருக்கிறாள். "பாபு" படத்தில் சிவாஜி கணேசன் இழுப்பாரே, அதுதான். ஏனென்றால் தமிழ்நாட்டில் 1973-இல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, கைரிக்ஷா ஒழிக்கப்பட்டு, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்ஷா வழங்கப்பட்டது. ஒழித்ததோடு நிற்காமல் மாற்றும் கையில் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இரக்கம் மட்டும் இருந்தால் என் அம்மாவைப் போல் இறங்கி நடக்கலாம். இரக்கத்தோடு நிர்வாகமும் சேர்ந்தால்தான் இழுத்தவனும் பிழைப்பான்.

நீதிமன்றம் சொன்னது

மாத்தேரானில் இந்த வழக்கு நீண்டது. உரிமம் பெற்ற கைரிக்ஷாக்கள் 94. குதிரைகள் ஏறத்தாழ 460. மின்சார ரிக்ஷா வந்தால் தங்கள் பிழைப்பு என்னாகும் என்று குதிரைக்காரர்களுக்கு அச்சம். வராவிட்டால் பள்ளிக் குழந்தைகளும் முதியவர்களும் எத்தனை காலம் நடப்பது என்று மற்றவர்களுக்கு ஆதங்கம். உச்சநீதிமன்ற அனுமதியின்பேரில் 2022 டிசம்பரில் ஏழு மின்சார ரிக்ஷாக்கள் பரீட்சார்த்தமாக ஓடின. பின்பு, அவை கைரிக்ஷா இழுத்தவர்களுக்கே போக வேண்டும் என்றும், இப்போதைக்கு 20-க்கு மேல் கூடாது என்றும் நீதிமன்றம் 2024-இல் வரம்பு கட்டியது.

2025 ஆகஸ்ட் 6-இல் தலைமை நீதிபதி பி. ஆர். கவாய் தலைமையிலான அமர்வு தெளிவாகத் தீர்ப்பளித்தது: மனிதனை மனிதன் இழுக்கும் வழக்கத்தை ஆறு மாதத்திற்குள் நிறுத்த வேண்டும், மாநில அரசே மின்சார ரிக்ஷாக்களை வாங்கி, உண்மையான தொழிலாளருக்கு வாடகைக்குக் கொடுக்க வேண்டும், பணமில்லை என்று சாக்குச் சொல்லக்கூடாது. குஜராத்தின் கேவடியாவில் நடக்கும் ஏற்பாட்டை முன்மாதிரியாகவும் காட்டியது. தஸ்தூரியிலிருந்து ஊருக்குள் சிவாஜி மகாராஜா சிலை வரை பதிகற்கள் பாவலாம். உட்காட்டுப் பாதைகளில் கூடாது என்றும் கூறியது. மண்ணுக்கும் மனிதனுக்கும் ஒரே தீர்ப்பில் இடம் கிடைத்தது எனலாம்.

அதே ஆண்டு மார்ச்சில் மற்றொன்றும் நடந்தது. வாசலில் சிலர் "ரயில் இல்லை, ரிக்ஷா இல்லை" என்று பொய் சொல்லிப் பயணிகளைக் குதிரையில் ஏற்றுகிறார்கள் என்று குற்றஞ்சாட்டி, ஊரார் காலவரையற்ற கடையடைப்புச் செய்தார்கள். விருந்தாளியை நம்பிப் பிழைக்கும் ஊர், விருந்தாளி ஏமாற்றப்படாமலிருக்கத் தன் கடையையே மூடிப் போராடியது! வாசல் ஒன்றே என்பதால், அங்கே நடக்கும் ஒரு பொய் ஊர் முழுவதற்கும் கெட்ட பெயராகிவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நமக்கு என்ன?

நம் உதகையும் கொடைக்கானலும் இதே கேள்வியைத்தான் எதிர்கொள்கின்றன. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் அங்கே வாகனங்களுக்கு இ-பாஸ். 2025 ஏப்ரலில் உதகைக்கு வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்று வரம்பு வந்தது. "நம் ஊருக்குப் போக நமக்கே பாஸா?" என்று கோபிக்கும் நண்பர்கள், மாத்தேரானின் வாசலில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். வாசல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மலை அளவோடுதான் தாங்கும். ஆனால் ஒவ்வொரு தடையையும் எழுதுகிறபோது, "இதைத் தாங்கப்போகிற தோள் யாருடையது?" என்ற கேள்வியையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். மாத்தேரான் முதல் வரியை அழகாக எழுதியது. இரண்டாவது வரியை எழுதத்தான் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஆகவே நண்பர்களே, போய் வாருங்கள். நுழைவுச் சீட்டுக்கு முணுமுணுக்காதீர்கள். ரயில் உண்டா என்பதை டிக்கெட் ஜன்னலில் கேளுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். இரவு பத்து மணிக்குப் பாட்டை நிறுத்திவிடுங்கள். அடுத்த வீட்டில் ஒரு குழந்தை காலையில் பள்ளிக்கு நடக்க வேண்டியிருக்கும்.

தீர்ப்பு வந்த செய்தியை அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்த மனுசனுக்கு வண்டி கெடச்சுட்டாய்யா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. உங்களில் யாராவது போனால், வாசலில் மின்சார ரிக்ஷா ஓட்டுகிறவர்களிடம் முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று விசாரியுங்கள். "கைரிக்ஷா இழுத்தேன்" என்று ஒருவராவது சொன்னால், வந்ததும் எனக்குத் தெரிவியுங்கள். நான் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.